தேக்காவிலிருந்து மார்சிலிங்குக்கு, நிறுத்தப்பட்ட பேருந்தில்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு பேருந்தைப் பரிந்துரைத்திருந்தேன். லிட்டில் இந்தியாவை ஒட்டிய தேக்காவில் ஏறி உட்கார்ந்தால் தோ பாயோ, அப்பர் தாம்சன், மண்டாய் வழியாக மார்சிலிங்வரை கொண்டுபோய் விடும். இரண்டு வெள்ளிச் சொச்சக் கட்டணத்தில் பாதி சிங்கப்பூரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தேன். ஊரிலிருந்து வருபவர்கள் இன்னமும் அதைப் படித்துவிட்டு, எந்த நிறுத்தத்தில் ஏறுவது என்று கேட்கிறார்கள். அந்தப் பேருந்து இப்போது ஓடவில்லை. எண்ணைச் சொல்லியும் பயனில்லை. பழைய கட்டுரையை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் இது இருக்கட்டும்.

சேவை நிறுத்தப்படுகிறது என்ற செய்தியைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். பயணிகள் குறைவு, அருகிலேயே ரயில் பாதை வந்துவிட்டது, செலவைக் குறைத்து வண்டிகளைத் தேவையான இடங்களுக்கு மாற்றுகிறோம் என்று நான்கு வரி. எனக்கு வருத்தமாக இருந்தது, கோபம் வரவில்லை. பொங்கோலில் குடியிருக்கிறேன், கணினி நிறுவனத்தில் வேலை, எங்கே போவதென்றாலும் ரயில்தான். பேருந்துப் பயணம் எனக்கு விடுமுறைப் பொழுதுபோக்கு. முக்கால்வாசி காலியாக ஓடும் வண்டிக்கு எத்தனை நாள்தான் செலவு செய்வார்கள் என்று நானே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒருமுறை முழுதாகப் போய் வரலாம் என்று வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையோடு சேவை முடிகிறது.

பொங்கோலிலிருந்து ஊதா நிற ரயிலில் லிட்டில் இந்தியா வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மணி பன்னிரண்டேமுக்கால். தேக்கா சந்தையின் உணவங்காடியில் ஒரு மசால் தோசை, நுரை வர இழுத்து ஆற்றிய தே தாரே தேநீர் ஒன்று. தீபாவளி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சிராங்கூன் சாலை அலங்கார விளக்குகளைத் தூக்கி வண்டியில் நின்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் பருவம். இந்த நாட்களில் வருகிறவர்கள் குடை இல்லாமல் வெளியே கிளம்ப வேண்டாம்.

இரண்டு பத்துக்கு நிறுத்தத்துக்கு வந்தேன். அங்கே ஒரு பெண்மணி கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவிப்புக்கு மிக அருகில் முகத்தை வைத்து நின்றிருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, தோளில் துணிப்பை, அதற்குள் ஒரு சூட்டுக் குடுவையின் மூடி தெரிந்தது. கைவிரல்களில் பச்சைக் கறை. காய்கறிக் கடையில் வேலை பார்ப்பவர் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"தம்பி, கண்ணாடிய கடையிலயே வச்சிட்டு வந்துட்டேன். இது என்ன, ரோட்டு வேலையா? பஸ் சுத்திப் போகுமா?"

"சுத்திப் போகாதுக்கா. ஞாயித்துக்கிழமையோட நிறுத்துறாங்க."

"எத? இந்த ஸ்டாப்பையா?"

"பஸ்ஸையே நிறுத்துறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அறிவிப்பைப் பார்த்தார், நான் தப்பாகப் படித்திருப்பேன் என்பதுபோல. "எந்த ஞாயிறு?" என்றார்.

"நாளன்னைக்கு."

அவர் பையின் பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார். ஒரு பேருந்தைப் படம் பிடிக்க வந்த எனக்கு, கேமராவை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது.

இரண்டு இருபத்துநாலுக்கு வண்டி வந்தது. ஒற்றைத் தள வண்டி. ஓட்டுநர் பெயர் குணா. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருபவர். அந்த அம்மா கட்டண அட்டையைத் தட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றார்.

"குணா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஆண்டி, போன மாசமே போர்டு ஒட்டிட்டாங்க லா. நீங்க தெரிஞ்சுதான் ஒண்ணும் கேக்கலன்னு நெனச்சேன்."

"நான் பஸ் வர்ற பக்கத்தையில்ல பார்த்துக்கிட்டு நிப்பேன். போர்டை யாரு பார்த்தா?"

குணா சிக்னலில் நின்றபோது மெதுவாகச் சொன்னார். "எனக்கு வேற ரூட் குடுத்துட்டாங்க ஆண்டி. உங்களத்தான் நெனச்சேன். அந்த ஸ்டாப்புல தெனம் எறங்கறது நீங்க ஒருத்தர்தான்."

அந்த அம்மா முன்னால் ஓர் இருக்கையில் அமர, நான் அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டியில் எங்களோடு சேர்த்து ஏழு பேர். தோ பாயோவில் மூன்று பேர் இறங்கி ஒருவர் ஏறினார். கோயில் கோபுரத்தைத் தாண்டி வண்டி திரும்பும்போது அந்த அம்மாவே பேசத் தொடங்கினார். பெயர் ஸ்டெல்லா. மார்சிலிங்கில் வீடு. தேக்காவில் காலை ஆறிலிருந்து இரண்டுவரை காய் நறுக்கிப் பொட்டலம் போடும் வேலை. கணவர் சேவியர் லாரி ஓட்டியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் தாதிமை இல்லத்தில் சேர்த்திருக்கிறார். இல்லம் அப்பர் தாம்சன் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சாலையில் இருக்கிறது. இந்தப் பேருந்து மட்டும்தான் அந்தச் சாலைக்குள் போய்ச் சுற்றிவிட்டு வரும். வாசலிலேயே நிறுத்தம்.

"நாலு மணிக்கு கஞ்சி குடுப்பாங்க. மத்த வேளைக்கு பாலோட சரி. வேற யாரு ஊட்டினாலும் வாயத் தொறக்க மாட்டார். பல்லக் கடிச்சிக்குவார். நான் போனாத்தான்."

"ஒரு நாள் நீங்க போகலன்னா?"

"போகாம இருந்ததே இல்லியே தம்பி."

நான் மார்சிலிங்வரை போவதாகத்தான் கிளம்பினேன். மூன்று பன்னிரண்டுக்கு அந்த நிறுத்தத்தில் அவர் இறங்கியபோது நானும் இறங்கிவிட்டேன்.  குணா கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

இல்லத்தின் கீழ்த்தளத்தில் கம்பி போட்ட ஒரு முன்கூடம். சக்கர நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றில் இருந்தவர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அவர்தான் சேவியர். நல்ல உயரம், லாரி ஓட்டியவருக்கு உரிய அகன்ற தோள், அதில் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. ஸ்டெல்லா கழுத்துத் துண்டைக் கட்டி, குடுவையிலிருந்த மீன் சாற்றைக் கஞ்சியில் கலந்து, "ஆ காட்டுங்க" என்றார். வாய் திறந்தது. ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம். தொண்டையில் இறங்கிற்றா என்று ஒவ்வொரு வாய்க்கும் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிலார் என்ற மியன்மார்ப் பெண், தாதி உதவியாளர், இன்னொரு முதியவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். மற்ற வேளைகளில் தானும் பலமுறை முயன்று பார்த்ததாகவும் சேவியர் தலையைத் திருப்பிக்கொள்வதாகவும் அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் அங்கிருந்து அருகில் உள்ள புதிய ரயில் நிலையத்துக்கு நடந்தே போனேன், தூரத்தை அளந்துகொண்டு. ஒன்று புள்ளி மூன்று கிலோமீட்டர். என் நடைக்குப் பதினெட்டு நிமிடம். பாதி தூரம் ஏற்றம், கூரை எங்கும் இல்லை. ஓரிடத்தில் நடைபாதையே முடிந்துபோகிறது. கிட்டத்தட்ட நூற்றைம்பது மீட்டருக்குப் புல்மேல்தான் நடக்க வேண்டும். பக்கத்தில் லாரிகள் போகின்றன.

மறுநாள் சனிக்கிழமை ஸ்டெல்லா அக்காவும் நானும் அந்த வழியை ஒன்றாக முயன்று பார்த்தோம். பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது என்று நான்தான் அழைத்தேன். லிட்டில் இந்தியாவில் நீல நிற ரயில், ஸ்டீவன்ஸில் பழுப்பு நிறத்துக்கு மாறுதல். ரயிலில் இருந்த நேரம் மொத்தமே இருபது நிமிடத்துக்குள். "இவ்ளோ சீக்கிரமா?" என்று அவருக்கே ஆச்சரியம். நிலையத்துக்கு வெளியே வந்ததும் அந்த ஆச்சரியம் போய்விட்டது. காலையில் பெய்த மழையில் புல் ஊறிக் கிடந்தது. அவருக்கு இடது முட்டியில் தேய்மானம். அந்த நூற்றைம்பது மீட்டரில் இரண்டு இடத்தில் நின்றார். மூன்றாவது இடத்தில் கால் வழுக்கி, என் கையைப் பிடித்தும் சமாளிக்க முடியாமல், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. சேலையெல்லாம் சேறு. எழுப்ப நான் குனிந்தபோது, "இருங்க தம்பி" என்றார். ஒரு நிமிடம் அப்படியே இருந்தார்.

"ஒரு நாளைக்கு நடக்கலாம். தெனம் முடியாது."

நடையே முப்பத்துநாலு நிமிடம் ஆயிற்று. அன்று சேறான சேலையோடுதான் கஞ்சி ஊட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த ஸ்டெல்லா அக்காவோடு மறுபடியும் தேக்காவில் ஏறினேன். பேருந்துப் பிரியர்கள் நிறைய வந்திருந்தார்கள். என்னைப்போலவே கேமராவோடு, எண் பலகையைப் படமெடுத்துக்கொண்டு. இந்த வண்டியில் நின்றுகொண்டு போகும் கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன். குணாவுக்கும் அன்று அதே பணி. இல்லத்து நிறுத்தத்தில் கதவைத் திறந்தவர், உடனே மூடாமல் ஒரு விஷயம் சொன்னார்.

"ஆண்டி, வேல நாள்ல மூணு மணிக்கு நமக்கு முன்னால ஒரு வெள்ளை வேன் போகும், பார்த்திருக்கீங்களா? எம்ஆர்டி ஸ்டேஷன்ல ஆள் ஏத்திக்கிட்டு இந்த கேட்டுக்குள்ளதான் நுழையுது. ஷிஃப்ட் ஸ்டாஃபுக்கு போல. கேட்டுப் பாருங்க லா."

"நீ எங்க போற, எந்த ரூட்டு?"

"ஜூரோங் பக்கம். ரொம்ப தூரம் ஆண்டி."

ஸ்டெல்லா அக்கா பையைத் திறந்து, வாழை இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார். நான் அன்று இறங்கவில்லை. மண்டாய் காட்டோரச் சாலை, உட்லண்ட்ஸ், பிறகு மார்சிலிங். மொத்தம் இருபத்துநாலு கிலோமீட்டர், ஒரு மணி முப்பத்துநாலு நிமிடம், இரண்டு வெள்ளி பதினெட்டு காசு. கடைசி நிறுத்தத்தில் சிலர் கைதட்டினார்கள். குணா எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை மாலை தலைமைத் தாதியைப் பார்க்க ஸ்டெல்லா அக்காவோடு நானும் போனேன். ஆங்கிலத்தில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். வேன் ஊழியர்களுக்கு மட்டும், வெளியாட்களை ஏற்றினால் காப்பீட்டில் சிக்கல் என்றார் தலைமைத் தாதி. கடுமையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வருந்தினார். நான் காப்பீட்டைப் பற்றி ஏதோ வாதம் செய்யத் தொடங்கினேன். ஸ்டெல்லா அக்கா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"அவங்ககிட்ட இத மட்டும் சொல்லுங்க தம்பி. நான் வராத நாள்ல அவரு சாப்பிட மாட்டாரு. அத ஃபைல்ல எழுதி வச்சிக்கச் சொல்லுங்க."

அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். தலைமைத் தாதி மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

பதில் வரப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளில் வாரத்துக்கு இரண்டு முறை அவர் நடந்து போனார். மற்ற நாட்களில் முட்டி விடவில்லை. அக்கா போகாத முதல் இரண்டு நாள் சேவியர் கொஞ்சம் பாலைத் தவிர எதையும் உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள் நாலு மணிக்கு ஸ்டெல்லா அக்கா நிலாருக்குப் போன் செய்து, சேவியர் காதருகே வைக்கச் சொன்னார். மார்சிலிங் வீட்டில் உட்கார்ந்துகொண்டு "ஆ காட்டுங்க" என்றார். சேவியர் வாயைத் திறந்துவிட்டார். முக்கால் மணி நேரம் போனிலேயே ஒவ்வொரு வாய்க்கும் சொல்லியிருக்கிறார். பதில் வரும்வரை இப்படி ஓடிற்று. நிலாரை அவர் கூப்பிடுவது இப்போது "நிலா" என்றுதான்.

வேன் விஷயத்தில் இல்லம் கடைசியில் இறங்கிவந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள், இருக்கை காலியிருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நடைபாதையைப் பற்றி நான் உரிய துறைக்கு எழுதினேன், படங்களோடு. மரியாதையான பதில் வந்தது. தேவையைப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் அதற்கு இடமில்லை. அடுத்த ஆண்டும் எழுதுவேன்.

இதையெல்லாம் எழுதும்போது பேருந்தை நிறுத்தியது தவறு என்று சொல்ல வருகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஏழு பேர்தான் இருந்தோம், அது என் கண்ணால் எண்ணிய கணக்கு. புதிய ரயில் உண்மையிலேயே வேகமானது. ஆனால் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிய யாரும், அவர்கள் எங்கே இறங்குகிறார்கள் என்று போய்ப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நானும் இரண்டு ஆண்டுகளாக அதே நிறுத்தத்தைக் கடந்து போனவன்தான். அதைப் பற்றி அந்தப் பழைய கட்டுரையில், "இங்கே வண்டி தேவையில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தேன்.

இனி போக நினைப்பவர்களுக்கு: லிட்டில் இந்தியாவிலிருந்து மார்சிலிங் போக நீல நிற ரயிலில் ஸ்டீவன்ஸ், அங்கிருந்து பழுப்பு நிறத்தில் உட்லண்ட்ஸ், பிறகு சிவப்பு நிறத்தில் ஒரே நிறுத்தம். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரும்பகுதி சுரங்கப் பாதை, ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. காட்சி வேண்டுமென்றால் அப்பர் தாம்சனில் இறங்கி அந்தச் சாலையில் இன்னும் ஓடும் வேறு பேருந்துகளில் மண்டாய்ப் பக்கம் போகலாம். நிறுத்தங்களில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படியுங்கள். பக்கத்தில் கண்ணாடி இல்லாமல் யாராவது நின்றிருந்தால் அவர்களுக்கும் படித்துச் சொல்லுங்கள். நீங்கள் நம்பியிருக்கும் ஒரு சேவை நிற்கப்போகிறது என்றால், அது ஓடும்போதே மாற்று வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். வரைபடம் ஏற்றத்தையும் புல்லையும் காட்டாது.

போன ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கட்டுரைக்கு நேரங்களைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால், ஸ்டெல்லா அக்காவோடு மறுபடி அந்த வழியில் நடந்தேன். ஞாயிறன்று வேன் கிடையாது. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மரத்தடியில் குடைக்குள் இருபது நிமிடம் நின்றோம். இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருபத்தைந்து.

முன்கூடத்தில் நிலார் சேவியருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். போன் எதுவும் இல்லை. "ஆ காட்டு, அப்பா" என்றார், அவருக்கு வந்த தமிழில். சேவியர் வாயைத் திறந்தார். ஸ்டெல்லா அக்கா உள்ளே போகவில்லை. கதவோரம் என் கையைப் பிடித்து நிறுத்தி, கிண்ணம் காலியாகும்வரை ஈரச் சேலையோடு நின்று பார்த்தார். அவர் முகத்தில் ஓடியது நிம்மதியா வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

நிலார் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனபிறகு ஸ்டெல்லா அக்கா உள்ளே போய், ஒரு நாற்காலியைச் சேவியர் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குடுவையைத் திறக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாலு வருஷமா தெனம் வந்திருக்கேன் தம்பி. இவரு மூஞ்சிய இப்பத்தான் பார்க்கிறேன். இத்தனை நாளும் வாயத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

சேவியர் இடது கையை நீட்டி அவர் தலையில் இருந்த மழைநீரைத் துடைத்தார். சரியாக எட்டவில்லை, அக்கா குனிந்துகொடுத்தார். நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். தேக்காவில் முருங்கைக்காய் என்ன விலை விற்கிறது, குணா ஜூரோங்கிலிருந்து போன் செய்தது, பூசையில் யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்த குரல் கம்பிக்கு வெளியே கேட்டது. ஐந்தரைக்குத்தான் கிளம்பினோம்.